டீசல் கேக்கும், ஆயில் கேக்காது

பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வந்த அக்கா மகன், கொட்டகை ஓரமா துருப்பிடிச்சுக் கிடக்கும் தண்ணி எஞ்சினைப் பார்த்துட்டு, "என்ன மாமா, இதுக்கு வயசாயிடுச்சா?" என்று கேட்டான். "ஆமாப்பா" என்று சொல்லிட்டேன். சொன்னது பொய். அதுக்கு வயசாகல. நான்தான் கொன்னேன்.

தரங்கம்பாடிப் பக்கம் நாங்க கடைமடை. மேட்டூரை ஜூன் 12-ல திறந்தாலும் எங்க வாய்க்காலுக்குத் தண்ணி வந்து சேர நாளாகும். அதுவரைக்கும் குறுவை நாற்றங்காலைக் காப்பாத்துறது எஞ்சின்தான். அந்த வருஷம் ராப்பகலா ஓட்டினேன். டீசல் ஊத்த ஒருநாளும் மறக்கல. மறந்தா நின்னுடும், அது கேட்டு வாங்கிக்கும். ஆயில் கேக்காது. குறைஞ்சாலும் ஓடும், கெட்டாலும் ஓடும். ஒரு ராத்திரி கடகடன்னு சத்தம் வந்து ஜாம் ஆச்சு. பிரிச்சுப் பார்த்தா பேரிங் உருகி கிராங்க்கோட ஒட்டியிருந்தது. நான் மிச்சம் பண்ணினது நாலு லிட்டர் ஆயில். போனது ஒரு எஞ்சினும் பாதி நாத்தும்.

"மிஷினுக்கு ஆயுசு அவ்வளவுதான்" என்று எங்க ஊர்ல சுலபமா சொல்லிடுவாங்க. இதை நான் ஒத்துக்க மாட்டேன். ஆயில் ரெண்டு இரும்பு உரசாம நடுவுல படலமா நிக்குது, சூட்டை இழுக்குது, அழுக்கைச் சுமக்குது. அந்த வேலை நின்னா எந்தக் கம்பெனி இரும்பும் தேயும்.

தப்பான நம்பிக்கைகளும் நிறைய. டீசல் எஞ்சின்ல ஆயில் கறுத்தா கலப்படம்னு கடைக்காரரோட சண்டைக்குப் போவாங்க. புகைக்கரியைத் தன்னோட கரைச்சு வச்சிருக்கிறதாலதான் அது கறுக்குது, அது அதோட வேலை. பயப்பட வேண்டியது மோர் மாதிரி வெளுத்தா. தண்ணி கலந்துடுச்சுன்னு அர்த்தம். சேத்துழவு முடிஞ்ச வண்டியில கியர் பாக்ஸ் ஆயிலை அதுக்காகவே பார்க்கணும். ஆயில்ல மினுமினுன்னு பொடி தெரிஞ்சா பேரிங் அழுதுக்கிட்டிருக்கு.

நீங்க கேக்கலாம்: உங்க மிஷின், உங்க ஆயில், இதுல எங்களுக்கு என்ன? தை மாசம் சம்பா அறுவடையில வந்து பாருங்க. அறுவடை மிஷின் வெளி மாவட்டத்துலேருந்து வாடகைக்கு வரும். முதலாளி எங்கயோ இருப்பார். டிரைவருக்கு வண்டி ஓடினாத்தான் காசு, நிறுத்தி கிரீஸ் அடிச்சா யாரும் கூலி தரப் போறதில்ல. வரிசையில நிக்கிற நாங்களும் "சீக்கிரம் இறங்கு தம்பி"ன்னுதான் விரட்டுவோம். நடு வயல்ல பேரிங் போய் வண்டி நின்ன ரெண்டாம் நாள் மழை பிடிச்சா, சாய்ஞ்ச நெல்லு தண்ணியிலேயே முளைக்கும். உங்க தட்டுக்கு வர வேண்டிய சோறு அது.

1966-ல இங்கிலாந்துல பீட்டர் ஜோஸ்ட் என்பவர் அரசாங்கத்துக்கு ஒரு அறிக்கை கொடுத்தார். உராய்வையும் தேய்மானத்தையும் ஒழுங்கா கவனிச்சா நாட்டுக்கு வருஷம் 51.5 கோடி பவுண்டு மிச்சமாகும்னு கணக்குப் போட்டார். அந்த அறிக்கை முக்கியமா பேசினது மசகு பத்தின கல்வியையும் ஆராய்ச்சியையும். இங்க மிஷின் வாங்க மானியம் இருக்கு, மாலை போட்டு சாவி கொடுக்க விழா இருக்கு. கிரீஸ் கன் பிடிக்கச் சொல்லிக் கொடுக்க அதுல கால்வாசி அக்கறை இருக்கா? வண்டியோட வந்த புத்தகம் கவர் பிரிக்காம பீரோவுல கிடக்கு. பல டிராக்டருக்கு 250 மணி நேரத்துக்கு ஒருதடவை எஞ்சின் ஆயில் மாத்தணும்னு அதுலயே போட்டிருக்கும். பாதி வண்டியில ஹவர் மீட்டரே ஓடாது.

"ஆயில் விக்கிற விலையில கட்டுப்படியாகுமா?"ன்னு கேக்குறவங்களுக்கு என் கொட்டகையைக் காட்டுறேன். விலை குறைவுன்னு லூஸ் ஆயில் வாங்குறதும், எரிஞ்ச ஆயிலைத் துணியில வடிகட்டி ஊத்துறதும் மிச்சம் இல்ல, கடன். கிரீஸ் டப்பாவைத் திறந்து போடுறதும் அப்படித்தான். எங்க கடற்காத்துல மணல் அதுல ஏறும், அப்புறம் நாம அடிக்கிறது கிரீஸ் இல்ல, உப்புத்தாள்.

எங்க அப்பா கட்டை வண்டி வச்சிருந்தார். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில குழைச்சு அச்சுக்குப் போடாம வண்டி தெருவுல இறங்காது. அவர் பள்ளிக்கூடம் போனதில்ல. பத்தாவது படிச்ச நான் எஞ்சினைக் கொன்னேன்.

ஆயுத பூஜைக்கு மிஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போடுறோம். போடுங்க. அதுக்கு முன்னாடி சமதரையில நிறுத்தி, டிப் ஸ்டிக்கை உருவித் துடைச்சு, திரும்ப விட்டுப் பாருங்க. நிப்பிள்ல இருக்குற சேத்தைத் துடைச்சுட்டு கிரீஸ் அடிங்க. அப்புறம் சூடம் காட்டலாம்.

அடுத்த பொங்கலுக்கு அக்கா மகன் வரும்போது உண்மையைச் சொல்லிடணும். அவன்கிட்டயும் ஒரு கேள்வி இருக்கு: சர்வீஸ் சென்டர்லேருந்து மெசேஜ் வரலைன்னா, தம்பி, நீ உன் காருக்கு ஆயில் மாத்துவியா?