ஜெட்டியில் காத்திருக்கும் பாடம்

ஜார்ஜ்டவுன் ஜெட்டியில் கொடிமலைக்குப் போகும் 204-ஆம் எண் பேருந்துக்காகக் கழுத்தை நீட்டிப் பார்ப்பவர்களில் பலருக்குத் தெரியாது: ரேபிட் பினாங்கு பேருந்துகள் இருக்குமிடத்தை மலேசிய அரசின் திறந்த தரவுத் தளம் 30 நொடிக்கொரு முறை புதுப்பித்து இலவசமாகத் தருகிறது.

தருகிறதே தவிர, இறக்கித் திறந்தால் கண்ணில் படுவது வெறும் கிறுக்கல். ஜிடிஎஃப்எஸ் ரியல்டைம் என்ற அந்த வடிவம் கணினிக்காகச் சுருக்கி வைக்கப்பட்டது.

பைத்தான் நிரல்மொழியில் இதைப் படிக்க இரண்டே நிரல் நூலகங்கள் போதும். கேட்டு வாங்க ‘ரிக்வெஸ்ட்ஸ்’, பிரித்துப் படிக்க ‘ஜிடிஎஃப்எஸ் ரியல்டைம் பைண்டிங்ஸ்’. ‘பிப் இன்ஸ்டால்’ என்று தட்டிப் பெயரைச் சேர்த்தால் வந்து உட்கார்ந்துவிடும். பெயரில் ஓர் எழுத்து பிசகக் கூடாது. ஒத்த பெயரில் தீநிரலை வைத்துக் காத்திருக்கும் கில்லாடிகள் உண்டு.

இன்னொரு வம்பும் இருக்கிறது. ‘டைம்அவுட்’ இத்தனை நொடி எனச் சொல்லாவிட்டால், சர்வர் வாய் திறக்கும்வரை ‘ரிக்வெஸ்ட்ஸ்’ காத்துக்கொண்டே இருக்கும், மழையில் பேருந்துக்கு நிற்பவரைப் போல. ‘டைம்அவுட்=10’ என்று எழுதினால் தீர்ந்தது.

கணினி வகுப்புகளோ இன்னும் கற்பனைக் கடையின் விலைப்பட்டியலை வைத்தே பாடம் நடத்துகின்றன. கொம்தார் கோபுரத்தைக் கடக்கும் பேருந்தைத் திரையில் பிடிக்கச் சொன்னால் எந்தப் பிள்ளை கொட்டாவி விடும்? தரவைக் கேட்கும் இணைய முகவரியில் ‘பினாங்கு’ இருக்கும் இடத்தில் ‘கேஎல்’ என்று மாற்றினால், தலைநகரின் பேருந்துகளும் அதே நிரலில் வந்து நிற்கும்.