சீமை ரயிலும் பாதியில் நின்ற ஃபைலும்

மாலை வேளையில் கடற்கரைச் சாலையில் நாங்கள் நாலைந்து கிழவர்கள் கூடி உட்காரும் இடம் ஒன்று உண்டு என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். போன வாரம் பேச்சு ரயிலுக்குத் திரும்பியது. மகனைப் பார்க்க லண்டன் போய்வந்த நண்பர் கைப்பேசியில் படங்களைக் காட்டினார். பளபளவென்று ரயில், தானாகத் திறக்கிற கதவு, அடுத்த ஸ்டேஷன் பெயரை எழுதிக் காட்டும் பலகை. காட்டிவிட்டுச் சும்மா இருந்தாரா? "பார்த்தீங்களா சார், வெள்ளைக்காரன் ரயிலைத் தனியார்கிட்ட கொடுத்தான், எப்படி நவீனமாயிடுச்சு பாருங்க. சர்க்கார் கையில இருந்தா நடக்குமா?" என்றார்.

முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் குமாஸ்தாவாக இருந்த எனக்கு அது உறைக்கும் என்று தெரிந்தேதான் கேட்டார். இருட்டிவிட்டதால் அன்று பாதி பதில்தான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

படம் பொய்யில்லை. ஆனால் புதுப் பெட்டியைத்தான் படம் பிடிக்க முடியும். போடாமல் விட்ட மின்கம்பியையும், பாதியில் மூடிய ஃபைலையும், புதுப்பித்த கையோடு உடைத்துப் போட்ட வண்டியையும் எந்தக் கைப்பேசியும் பிடிக்காது. பிரிட்டிஷ் ரயிலின் உண்மையான கதை அங்கேதான் இருக்கிறது.

முதலில் 'பேசர்' என்ற வண்டியைச் சொல்கிறேன். 1980-களில் அங்கே ரயில்வே சர்க்கார் கையில் இருந்தது, காசு இல்லை. கிளைப் பாதைகளுக்கு மலிவாக ஒரு வண்டி வேண்டும் என்று லேலண்ட் நேஷனல் பஸ்ஸின் உடம்பை எடுத்து, சரக்கு வண்டிக்குப் போடுவதுபோல் நான்கே சக்கரம் உள்ள அடிச்சட்டத்தின் மேல் வைத்தார்கள். சாதாரணப் பயணிகள் பெட்டிக்கு இரண்டு முனையிலும் போகி இருக்கும், வளைவு வந்தால் அது திரும்பிக்கொடுக்கும். பேசருக்கு அது கிடையாது. வளைவில் கிறீச்சென்று கத்தும், தண்டவாளம் கொஞ்சம் மோசமாக இருந்தால் ஆளைத் தூக்கிப் போடும். அதிகம் போனால் இருபது வருஷத்துக்கு என்று செய்த தற்காலிக ஏற்பாடு. நம் ஆபீஸ்களில் 'தற்காலிகம்' என்று எழுதிய எதுவும் ரிட்டையர் ஆகும்வரை ஓடும் அல்லவா? அங்கேயும் அப்படித்தான். வட இங்கிலாந்தில் 2020 முடியும்வரை, வேல்ஸில் 2021 வரை ஓடியது.

நண்பரே, இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. 1993-ல் சட்டம் வந்து, 90-களின் நடுவில் ரயில்வே முழுக்கத் தனியாருக்குப் போய்விட்டது. அதன் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் அதே பஸ் உடம்பில்தான் வட இங்கிலாந்துக்காரர்கள் வேலைக்குப் போனார்கள். தனியார் வந்து ஏன் மாற்றவில்லை?

அதற்கும் ஒரு ஃபைல் உண்டு. என் போன்றவனுக்கு அது கதைப் புத்தகம் மாதிரி. 2015-ல் வடபகுதிக்கான புதிய ஒப்பந்தம் தயாரானபோது, பேசர்களை எடுத்துவிட்டு 120 புதுப் பெட்டிகள் வாங்குவது கட்டாயம் என்று சேர்க்கலாமா என்று கேள்வி வந்தது. போக்குவரத்துத் துறையின் செயலாளர், கணக்குப்படி செலவுக்கு ஏற்ற பலன் இல்லை, எழுத்து மூலம் உத்தரவு வந்தால்தான் செய்ய முடியும் என்று நோட் போட்டார். அமைச்சர் பேட்ரிக் மெக்லாஃப்லின் எழுத்து மூலமே உத்தரவு கொடுத்தார். வடபகுதி வளர வேண்டும் என்று ஒரு பக்கம் பேசிக்கொண்டு மறுபக்கம் இந்த வண்டியை ஓட்டிக்கொண்டிருக்க முடியாது என்பது அவர் வாதம்.

அந்தச் செயலாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சூத்திரம் சொன்னதை எழுதினார். கோபம் சூத்திரத்தின் மேல்தான். வண்டி மட்டம் என்றால் வசதி உள்ளவன் காரில் போவான். கூட்டம் குறைந்தால் புது வண்டிக்குப் பலன் இல்லை என்று கணக்கு வரும். கடைசியில் அந்த மட்டமான வண்டி ஏழைக்கும் கிழவனுக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் மட்டும் மிஞ்சும். இந்த வட்டத்தை உடைத்தது சந்தை அல்ல, ஒரு அமைச்சரின் கையெழுத்து.

தனியாருக்குக் கொடுத்த விதத்தையும் பார்க்க வேண்டும். தண்டவாளம் ரெயில்டிராக் என்ற ஒரு கம்பெனிக்கு. பெட்டிகள் வாடகைக்கு விடும் மூன்று கம்பெனிகளுக்கு. ஓட்டுவது சில வருஷ ஒப்பந்தத்தில் வருகிற வேறு கம்பெனிகளுக்கு. வண்டியின் ஆயுள் முப்பது நாற்பது வருஷம், ஓட்டுகிறவனின் ஒப்பந்தம் பெரும்பாலும் பத்து வருஷம்கூட இல்லை. குடிக்கூலிக்கு இருப்பவன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பான், அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்ப்பானா? 2000 அக்டோபரில் ஹாட்ஃபீல்டில் விரிசல் விட்ட தண்டவாளம் உடைந்து நான்கு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு ரெயில்டிராக் எழுந்திருக்கவே இல்லை. 2002-ல் லாப நோக்கில்லாத நெட்வொர்க் ரெயில் அந்த இடத்துக்கு வந்தது.

சுண்ணாம்பு அடித்த கதைக்கு 442 என்ற எண் கொண்ட மின்சார வண்டியே சாட்சி. 1988-ல் ஓட வந்தது. பழைய வண்டிகளின் மோட்டாரைக் கழற்றிப் பூட்டியும், மூன்றாவது தண்டவாளத்தில் மின்சாரம் எடுக்கும் வண்டிகளில் மணிக்கு 108 மைல் வேகம் போய்ச் சாதனை செய்தது. முப்பது வருஷம் உழைத்த அந்த வண்டிகளில் 18 தொகுதிகளை லண்டன் - போர்ட்ஸ்மத் பாதைக்காக 4.5 கோடி பவுன் செலவில் புதுப்பிக்க முடிவு செய்தார்கள். 2019-ல் திரும்ப வந்தன. சிக்னலோடு தகராறு என்று கொஞ்ச நாள் நிறுத்தினார்கள். கொரோனா வந்தது, மறுபடி நிறுத்தினார்கள். 2021-ல் இனி ஓடாது என்று அறிவித்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள்.

புத்தம் புதியதற்கும் அதே கதி. வட இங்கிலாந்தின் குறுக்குப் பாதைக்கு 13 புது ரயில் தொகுதிகள் 2019-ல் வந்தன. 2023 டிசம்பரில் அவ்வளவையும் விலக்கிவிட்டார்கள். நாலே வருஷம்! நியாயமாகச் சொல்ல வேண்டும், விலக்கியபோது அந்தச் சேவை சர்க்கார் கைக்குத் திரும்பி வந்திருந்தது. ஆகவே சர்க்கார் என்றால் யோக்கியம் என்று நான் சொல்ல வரவில்லை.

சர்க்காரின் லட்சணத்தைப் பார்க்க லண்டன் - ஸ்வான்சீ பாதைக்குப் போக வேண்டும். 2009-ல் அதை மின்மயமாக்குவதாக அறிவித்தார்கள். 90-களின் தொடக்கத்துக்குப் பிறகு அங்கே பெரிய அளவில் அந்த வேலையே நடக்கவில்லை. கம்பி போடத் தெரிந்தவர்கள் கலைந்து போயிருந்தார்கள். விளைவு, அந்தப் பாதையை நவீனமாக்கும் மொத்தச் செலவு மூன்றே வருஷத்தில் 210 கோடி பவுன் ஏறி 558 கோடியாகிவிட்டது என்று 2016-ல் தணிக்கை அலுவலகம் எழுதியது. உடனே கத்தரிக்கோல். பிரிஸ்டலின் பெரிய ஸ்டேஷனுக்குக் கம்பி தள்ளிவைப்பு. கார்டிஃபுக்கு அப்பால் ஸ்வான்சீ வரை 2017-ல் ரத்து. இதனால் புது ரயில்கள் கம்பி இருக்கும் தூரம் மின்சாரத்திலும், மற்ற தூரம் வயிற்றுக்கு அடியில் டீசல் எஞ்சினைச் சுமந்துகொண்டும் ஓடுகின்றன. அதே லண்டன் - பிரிஸ்டல் பாதைக்கு 1835-ல் சட்டம் வாங்கி, 1841-க்குள் மலையைக் குடைந்து முழுப் பாதையையும் முடித்தார் ப்ரூனல். மண்வெட்டியும் வெடிமருந்தும் வைத்துக்கொண்டு ஆறு வருஷம்.

நான் பிரெஞ்சில் படித்தவன், இங்கிலீஷ்காரனைக் குறை சொன்னால் எனக்கு இனிக்கும் என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். இருக்கட்டும். ஆனால் கால்வாய் சுரங்கத்தை நினைத்துப் பாருங்கள். 1994-ல் சுரங்கம் திறந்தபோது பிரான்ஸ் பக்கம் அதிவேகப் பாதை தயார். இங்கிலாந்து பக்கம் அதே யூரோஸ்டார் உள்ளூர் ரயில்களுக்கு நடுவே ஊர்ந்து போயிற்று. பிரான்ஸில் பறந்து வரலாம், இங்கிலாந்தில் மெதுவாக இயற்கைக் காட்சியை ரசிக்கலாம் என்று மித்தெரானே கேலி பேசினார். செயின்ட் பான்கிராஸ் வரை அதிவேகப் பாதை முடிய 2007 ஆயிற்று. முடிந்ததும், வாட்டர்லூவில் யூரோஸ்டாருக்கென்று கட்டிய ஐந்து நடைமேடைகள் பத்து வருஷத்துக்கு மேல் பெரும்பாலும் சும்மாவே கிடந்தன.

இப்போது என் சொந்த அனுபவம். மகளைப் பார்க்க நானும் மனைவியும் போயிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சின்ன ஊர் ஸ்டேஷன். கம்பெனி பெயர் வேண்டாம். புது வண்ணம், புது நாற்காலி, புது மின்பலகை. அந்தப் பலகையில் எழுத்து அவ்வளவு தெளிவு: எங்கள் வண்டி ரத்து. அடுத்ததும் ரத்து. முட்டி ஆபரேஷன் செய்துகொண்ட மனைவி குளிரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த ஓர் ஆங்கிலேய மூதாட்டி தன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் இருக்கும் தன் கணவரைப் பார்க்கப் போக வேண்டியவர் அவர். பார்வை நேரம் முடிந்துவிடும் என்று பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். நவீனம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அந்த அம்மாளின் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

எல்லாமே கோளாறு என்று சொன்னால் நான் பொய்யனாவேன். தனியார் காலத்தில் பயணிகள் எண்ணிக்கை இரட்டிப்புக்கு மேல் ஆனது. ஹாட்ஃபீல்டுக்குப் பிறகு பாதுகாப்பில் நல்ல பெயர் வாங்கினார்கள். பழையதைப் புதுப்பிப்பதும் தப்பில்லை. 1976-ல் வந்த இன்டர்சிட்டி 125 ரயில்களுக்கு இடையில் புது எஞ்சின் போட்டு நாற்பது வருஷத்துக்கு மேல் ஓட்டினார்களே, அது கெட்டிக்காரத்தனம். வைட் தீவில் சுரங்கம் தாழ்வாக இருப்பதால் 1938-ல் செய்த லண்டன் பாதாள ரயில் பெட்டிகளை 2021 தொடக்கம் வரை ஓட்டினார்கள். டெவன் மாவட்டத்தில் ஓக்ஹாம்ப்டன் பாதையை 2021-ல் எஸ்டிமேட்டுக்கும் குறைவாகவே முடித்துத் திறந்தார்கள். முடிக்க வேண்டும் என்று உட்கார்ந்தால் அவர்களால் முடியும்.

உட்காருவதில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. 2023 அக்டோபர் 4-ஆம் தேதி பிரதமர் ரிஷி சுனக் பர்மிங்காம் - மான்செஸ்டர் அதிவேகப் பாதையை ரத்து செய்தார். எங்கே நின்று அறிவித்தார் தெரியுமா? மான்செஸ்டரிலேயே, கட்சி மாநாட்டு மண்டபத்தில். அந்த மண்டபம் 1969-ல் மூடப்பட்ட பழைய ரயில் நிலையம்!

நண்பருக்குக் கடைசியாக ஒன்று. நீங்கள் மெச்சிய தனியார் ஒப்பந்தங்களை முடிந்தவரை திரும்ப எடுத்துக்கொள்ள 2024-ல் அங்கே சட்டம் வந்துவிட்டது. 2025 மே முதல் ஒவ்வொன்றாகச் சர்க்கார் கைக்கு வருகின்றன. நான் கைதட்டவில்லை. பெட்டியில் பெயரை மாற்றி எழுதுவது ஒரு நாள் வேலை. வருஷா வருஷம் இத்தனை மைல் கம்பி, இத்தனை சிக்னல், ஆட்சி மாறினாலும் அதே ஆட்கள், அதே ஃபைல் என்று விடாமல் செய்வதுதான் நவீனமாக்குவது. அதற்கு ரிப்பன் வெட்டும் விழா கிடையாது, அதனால்தான் யாருக்கும் பிடிப்பதில்லை.

மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள். நேரில் வந்து சண்டை போட்டாலும் சரி, மாலை ஐந்தரைக்கு அதே இடத்தில்தான் இருப்போம்.