ஒரே தெரு, இரண்டு பள்ளிக்கூடம்!

மூலக்கொத்தளத்தில் இருந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அங்கேதான். பிரசவம் என்றால் அங்கேதான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவருக்குக் காலில் அடிபட்டாலும் அங்கேதான்.

வடசென்னைப் பெரியவர்களுக்கு அது "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி". பஞ்ச காலத்தில், 1782-ம் ஆண்டு, பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தில் இருந்து வளர்ந்தது அது. 1938-ம் ஆண்டு அங்கே மருத்துவக் கல்லூரியும் வந்தது.

நோயாளியாக அந்த வாசலுக்குள் போவது மூலக்கொத்தளத்துப் பிள்ளைக்குச் சுலபம். வெள்ளைக் கோட்டுப் போட்ட மாணவனாகப் போவது சுலபமா?

ஆறே பேர்!

தமிழ்நாட்டில் பிளஸ்-2 படிப்பவர்களில் நூற்றுக்குச் சுமார் 41 பேர் அரசுப் பள்ளிப் பிள்ளைகள். அப்படியானால் டாக்டர் படிப்பிலும் ஏறக்குறைய அந்த அளவு இடம் கிடைத்திருக்க வேண்டும் அல்லவா?

கிடைக்கவில்லை. 2019-20-ம் ஆண்டில் எம்.பி.பி.எஸ். படிப்பில் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர்கள் ஆறே பேர். இடங்களோ ஆயிரக்கணக்கில் இருந்தன.

2017-ம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் டாக்டர் படிப்புக்கு "நீட்" தேர்வு கட்டாயம் ஆனது. பிளஸ்-2 மார்க் போதாது. தனிப் பயிற்சி வேண்டும். பயிற்சிக்குப் பணம் வேண்டும். அன்றாடக் கூலியில் அடுப்பு எரியும் வீட்டில் அந்தப் பணத்துக்கு எங்கே போவது? நீட் வருவதற்கு முன்பும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஏராளமாகச் சேர்ந்துவிடவில்லை. நீட் வந்த பிறகு, இருந்த சிறு கதவும் சாத்திக்கொண்டது.

இதை ஆராய ஓய்வு பெற்ற நீதிபதி பி.கலையரசன் தலைமையில் ஆணையம் அமைந்தது. அது 10 சதவீத இடம் கொடுக்கலாம் என்றது. அரசு 7.5 சதவீதம் என்று முடிவு செய்தது. 2020-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் சட்டசபையில் மசோதா நிறைவேறியது. அக்டோபர் கடைசியில் கவர்னரின் ஒப்புதல் கிடைத்தது.

பலன் உடனே தெரிந்தது. ஆறாக இருந்த எண்ணிக்கை அந்த ஆண்டே 300-ஐத் தாண்டியது. கட்டணத்தையும் அரசே ஏற்றது. 2021-ம் ஆண்டில் என்ஜினீயரிங், விவசாயம், கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இதே சலுகை வந்தது. 2022-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் சென்னை ஐகோர்ட்டும் மருத்துவப் படிப்பு இட ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது.

நல்ல சட்டம். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் நல்ல பந்தியிலும் ஒரு பிள்ளைக்கு இலை போடாமல் விட்டுவிடுவது உண்டு.

விடுபட்டவர் யார்?

மூலக்கொத்தளத்தில் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். அப்பா துறைமுகக் கூலி. அம்மா காசிமேட்டில் மீன் வாங்கி, கூடையில் சுமந்து விற்கிறார். அக்காள் மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிறாள். அங்கே இடம் தூரமாக இருந்ததால், தம்பியைப் பக்கத்துத் தெருவில் உள்ள அரசு உதவி பெறும் பள்ளியில் சேர்த்தார்கள்.

இருவருக்கும் அதே தமிழ் வழிப் பாடம். அதே பாடப் புத்தகம். அதே பொதுத் தேர்வு. இரண்டு இடத்திலும் அரசுப் பணத்தில் சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள். வீட்டில் அதே பானைச் சோறு.

ஆனால் அக்காளுக்கு 7.5 சதவீதத்தில் இடம் உண்டு. தம்பிக்குக் கிடையாது!

சட்டம் சொல்வது இதுதான்: 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள், வனத்துறைப் பள்ளிகள் எல்லாம் அரசுப் பள்ளிக் கணக்கில் சேரும். கட்டாயக் கல்விச் சட்டப்படி தனியார் பள்ளியில் 8-ம் வகுப்பு வரை படித்துவிட்டு, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கும் வழி உண்டு. அரசு உதவி பெறும் பள்ளி மட்டும் இந்தக் கணக்கில் வரவில்லை.

வடசென்னையில் இந்தப் பள்ளிகள் பழையவை. பாதிரிமார்களும், தர்மவான்களும், வியாபாரிகளின் அறக்கட்டளைகளும் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியவை பல. தாத்தா படித்த பள்ளியில் பேரனும் படிப்பான். சட்டத்தைப் படித்துப் பார்த்தா பெற்றோர் பள்ளியைத் தேர்ந்தெடுத்தார்கள்? ரோட்டைக் கடக்காமல் பிள்ளை போய் வருமா என்று பார்த்துத்தான் சேர்த்தார்கள்.

இட்லித் தட்டு சொல்லும் பாடம்

இந்தத் தவறு திருத்த முடியாதது அல்ல. சாப்பாட்டு விஷயத்தில் திருத்தியே காட்டியிருக்கிறார்கள்.

1920-ம் ஆண்டு, வண்ணாரப்பேட்டை பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தீர்மானம் ஆனது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது கணக்கு. பின்னர் காமராஜர் மதிய உணவை மாநிலம் எங்கும் கொண்டு போனார். 1982-ம் ஆண்டு எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவு ஆக்கினார்.

2022-ம் ஆண்டு செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் வந்தது. முதலில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகள். 2023-ல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளும். அப்போது உதவி பெறும் பள்ளிப் பிள்ளை பசியோடு நின்றது. 2024-ம் ஆண்டு ஜூலையில் கிராமத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025-ம் ஆண்டு ஆகஸ்டில் நகரத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் காலை உணவு வந்து சேர்ந்தது.

கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் "புதுமைப் பெண்" திட்டமும் அப்படித்தான். 2022-ல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் என்று தொடங்கியது. 2024-ம் ஆண்டு கடைசியில், உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் கிடைத்தது.

இட்லி கொடுக்கும்போது "இவனும் ஏழைதான்" என்று தெரிந்தது. ஆயிரம் ரூபாய் கொடுக்கும்போதும் தெரிந்தது. டாக்டர் படிப்பு என்று வரும்போது மட்டும் அது மறந்து போகலாமா?

பங்கு குறையுமா?

"உதவி பெறும் பள்ளிகளில் பெரிய இடத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்களே? கதவைத் திறந்தால் அவர்கள் புகுந்துவிட மாட்டார்களா? அரசுப் பள்ளிப் பிள்ளையின் பங்கு குறைந்துவிடாதா?"

நியாயமான கேள்வி. பேர் பெற்ற சில உதவி பெறும் பள்ளிகளில் வசதியானவர்களும் படிக்கிறார்கள் என்பது உண்மை. எல்லோரையும் ஒரே கூடையில் போட்டால், மூலக்கொத்தளத்துப் பையன் மறுபடியும் பின் வரிசைக்குத்தான் போவான்.

அதற்கு வழி இருக்கிறது. ஆணையம் சொன்னது 10. சட்டம் கொடுத்தது 7.5. இடையில் இரண்டரை சதவீதம் இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளையின் 7.5-ஐத் தொட வேண்டாம். அந்த இரண்டரையில் இருந்து உதவி பெறும் பள்ளி ஏழைகளுக்குத் தனிப் பங்கு கொடுக்கலாம். 6 முதல் 12 வரை தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். குடும்ப வருமானத்துக்கு வரம்பு வேண்டும். வீட்டில் முதல் பட்டதாரியாக இருந்தால் முதல் உரிமை. இப்படி மூன்று சல்லடை போட்டால் வசதியானவர் தானாகவே நின்றுவிடுவார்.

பள்ளியைப் பார்த்து வாய்ப்பைப் பங்கிடுவது வேறு நாட்டிலும் உண்டு. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலம் 1997-ம் ஆண்டு ஒரு சட்டம் செய்தது. ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் முதல் பத்து சதவீதத்துக்குள் வருகிறவருக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம். பணக்காரப் பேட்டைப் பள்ளியானாலும் சரி, ஏழைப் பேட்டைப் பள்ளியானாலும் சரி, அங்கே முன்னால் நிற்கிற பிள்ளைக்கு மதிப்பு உண்டு என்பதே அதன் பொருள்.

ஐகோர்ட்டு தன் தீர்ப்பில், இந்த ஒதுக்கீட்டை ஐந்து ஆண்டுகளில் மறு ஆய்வு செய்ய வேண்டும் என்றும், அதற்குள் அரசுப் பள்ளிகளின் தரத்தை உயர்த்த வேண்டும் என்றும் சொன்னது. மறு ஆய்வு என்றால் கொடுத்ததைப் பிடுங்குவது என்று அர்த்தம் அல்ல. விடுபட்டவர் யார் என்று எண்ணிப் பார்ப்பதும் மறு ஆய்வுதான்.

பெற்றோர் கவனிக்க!

சட்டம் மாறும் வரை பெற்றோர் ஒன்றை மறக்கக் கூடாது. ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை ஆறாம் வகுப்பில் எங்கே சேர்க்கிறீர்களோ, அங்கேதான் இந்தச் சலுகை தீர்மானம் ஆகிறது. பிளஸ்-2 வந்த பிறகு பள்ளியை மாற்றிப் பயன் இல்லை. சேர்ப்பதற்கு முன், அது அரசுப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்குப் பள்ளி தேடும் தாய், சட்டப் புத்தகத்தைப் புரட்ட வேண்டிய நிலை இருக்கக் கூடாது. அக்காளும் தம்பியும் ஒரே விளக்கில் படிக்கிறார்கள். ஸ்டான்லி வாசல் இருவருக்கும் ஒரே தூரத்தில்தான் இருக்கிறது. இருவரையும் உள்ளே விடுவதுதான் நியாயம்.