கோம்பைச் சுண்டலும் வடநாட்டுக் குளிரும்

மார்கழி விடியற்காலையில் கோம்பையில் போர்வையை விட்டு எழ யாருக்கும் மனசு வராது. ராமக்கல்மேட்டுக் காற்று அப்படி! ஆனால் தோட்டத்து மொச்சைக்கு அந்தக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. பூக்கும், பொங்கலுக்குக் காயும் வந்துவிடும். அப்படியிருக்க, குளிர் தாங்கும் பயறு ரகங்களைப் பற்றி இந்த ஊர் ஏன் கவலைப்பட வேண்டும்?

சுண்டலுக்காகத்தான். மளிகைக்கடைக் கொண்டைக்கடலை பெரும்பாலும் வெளிமாநிலச் சரக்கு. அரியானா, பஞ்சாப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் கடலைச் செடி பூக்கிறது. குளிரில் செடி சாவதில்லை, அதுதான் வேடிக்கை. சராசரி வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போனால் மகரந்தம் சூல் வரை போய்ச் சேருவதில்லை. பூ உதிர்ந்துவிடுகிறது. பிப்ரவரியில் குளிர் விட்ட பிறகுதான் காய் பிடிக்கும். மார்ச் கடைசியில் வெயில் கொளுத்த ஆரம்பித்துவிடும். நடுவில் கிடைப்பது சில வாரங்கள்தான்.

இதற்கு வழி கண்டுபிடிக்காமல் இல்லை. ஐதராபாத் அருகே பட்டஞ்சேருவில் 1972-ல் தொடங்கிய இக்ரிசாட், ஐ.சி.சி.வி. 88502 போன்ற குளிரிலும் காய் பிடிக்கும் வகைகளை உருவாக்கியது. மேற்கு ஆஸ்திரேலியாவில் இன்னும் ஒரு படி மேலே போய், குளிரில் வேலை செய்யும் மகரந்தத்தையே வடிகட்டித் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே வந்த ரகங்களின் பெயர் சோனாலி, ரூபாலி. நம்ம ஊர்ப் பெயர்கள்தான்!

பிறகு ஏன் தாமதம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். வீரியப் பருத்தி, மக்காச்சோளம் போடுகிறவர் ஒவ்வொரு முறையும் விதை வாங்கியாக வேண்டும். கடலை தன் மகரந்தத்திலேயே காய்க்கும் பயிர். ஒருமுறை வாங்கினால் விளைச்சலில் கொஞ்சம் எடுத்துவைத்து அடுத்த வருடமும் விதைக்கலாம். விவசாயிக்கு லாபம், விதைக் கம்பெனிக்கு நஷ்டம். ஒரு ரகத்துக்குப் பத்து வருடம் காத்திருந்து, ஒரே ஒரு தடவை விற்க எந்த முதலாளி வருவார்? இந்த வேலையை அரசாங்கப் பணம்தான் செய்ய வேண்டும்.

ரகம் மட்டும் போதாது என்பதும் உண்மை. வடக்கே கடலை குறைந்ததற்குக் குளிரை மட்டும் குறை சொல்ல முடியாது. பாசனம் வந்தது, கோதுமைக்கு அரசுக் கொள்முதலும் இருந்தது, விவசாயி மாறிவிட்டார். ஆனால் 2016-17-ல் இந்தியா சுமார் 66 லட்சம் டன் பருப்பு வகைகளை இறக்குமதி செய்தது. ஆராய்ச்சி நிலத்துக்குப் பணம் இல்லை என்று சொல்கிறவர்கள் அந்தக் கப்பல் வாடகையையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கட்டும்.