உயில் பற்றிப் பேசப் போகிறவர் யார்?

உயில்வழிக் கொடைக்கென்று தனி ஆள் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் சிங்கப்பூரில் உள்ள நம் அறநிறுவனங்களில் இப்போது பரவிவருகிறது. வரவேற்க வேண்டிய எண்ணம். ஆனால் கண்ணில் படும் விளம்பரங்கள் கவலை தருகின்றன. விற்பனை அனுபவம், ஆண்டு இலக்கை எட்டிய சான்று, பெரும் பணக்காரர்களின் தொடர்பு என்று கேட்கிறார்கள். இப்படிக் கேட்டால் நாம் தேடும் ஆள் விண்ணப்பமே போட மாட்டார்.

அமெரிக்காவில் இந்தத் துறை வரிச்சலுகையைச் சுற்றி வளர்ந்தது. அங்கே வேலைக்கு வருபவருக்கு அறக்கட்டளை வகைகளும் எஸ்டேட் வரியும் தலைகீழ்ப் பாடமாகத் தெரிய வேண்டும். சிங்கப்பூரில் 2008 பிப்ரவரி 15 முதல் இறந்தவர்களின் சொத்துக்கு அந்த வரியே கிடையாது. தகுதிபெற்ற அமைப்புக்கு உயிரோடு இருக்கும்போது கொடுத்தால் 250 விழுக்காடு வரிக்கழிவு உண்டு. உயிலில் எழுதுபவர் அதற்காக எழுதுவதில்லை. ஆகவே இங்கே வரியைக் காட்டிப் பேச வழியில்லை. மனிதரைப் புரிந்துகொண்டு பேசுவதுதான் ஒரே வழி.

புக்கிட் மேராவையே எடுத்துக்கொள்வோம். முதியோர் அதிகம் வாழும் பழைய பேட்டைகளில் ஒன்று. துறைமுகத்தில் உழைத்து ஓய்ந்தவர்கள், வாடகை வீட்டில் தனியாக இருப்பவர்கள், பிள்ளைகள் பொங்கோல் பக்கம் குடிபோய்விட்ட தம்பதிகள் என்று பலதரப்பட்டவர்கள். இவர்களிடம் கொடுக்க என்ன இருக்கிறது என்று கேட்கும் நிர்வாகக் குழு உறுப்பினர்கள் உண்டு. சேமிப்பு இருக்கிறது, காப்பீடு இருக்கிறது, மத்திய சேம நிதி (மசேநிதி) இருக்கிறது. மசேநிதிப் பணம் உயிலுக்குள் வராது. அதற்குத் தனியாக நியமனம் செய்ய வேண்டும், அறநிறுவனத்தையும் நியமிக்கலாம். திருமணம் செய்துகொண்டால் பழைய நியமனம் ரத்தாகிவிடும். உயிலும் பெரும்பாலும் அப்படியே. மணவிலக்கானால் இரண்டுமே தாமாக ரத்தாகா. உயிலே இல்லாமல், சட்டம் சொல்லும் உறவுகளும் இல்லாமல் ஒருவர் இறந்தால் சொத்து அரசாங்கத்துக்குப் போகும். முஸ்லிம்களுக்கு வேறு சட்டம்: வாரிசுகளுக்கு உரிய பங்கு போக, மூன்றில் ஒரு பங்கு வரைதான் உயிலில் எழுத முடியும். தஞ்சோங் பகாரில் குடியேறிய கடையநல்லூர், தென்காசிக் குடும்பங்களின் வீட்டுக் கதவைத் தட்டுபவருக்கு இது தெரியாவிட்டால் முதல் சந்திப்பே கடைசிச் சந்திப்பாகிவிடும்.

இவ்வளவும் ஓரிரு மாதங்களில் கற்றுக்கொள்ளக்கூடியவை. கற்றுக்கொடுக்க முடியாத ஒன்றுக்காகத்தான் நேர்முகத் தேர்வு. அதில் நான் கேட்கச் சொல்லும் கேள்வி இது. ஹெண்டர்சன் பக்கம் ஓரறை வாடகை வீடு. எழுபத்து நான்கு வயது, மணமாகாதவர். உங்கள் அமைப்பின் நிலையத்திலிருந்து தினமும் சாப்பாடு போகிறது. ஒருநாள் அவர், “எல்லாத்தையும் உங்க நிலையத்துக்கே எழுதிடுறேன் தம்பி, பேனா குடுங்க” என்கிறார். என்ன செய்வீர்கள்?

பேனாவை எடுப்பவரை வேலைக்கு எடுக்காதீர்கள். நல்ல ஆள் முதலில் உட்காருவார். “அண்ணே, ஊர்ல யாரு இருக்காங்க?” என்று கேட்பார். மன்னார்குடியில் இறந்துபோன தங்கையின் மகள் இருப்பது அப்போதுதான் தெரியவரும். சாப்பாடு கொண்டுவரும் அமைப்பே சொத்தையும் கேட்டால் மறுக்க அவருக்கு மனம் வருமா என்று யோசிப்பார். எங்களோடு தொடர்பில்லாத வழக்கறிஞரைப் பாருங்கள், கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சாப்பாடு வரும் என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் வருவதாக எழுந்து வருவார். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். அதில் நிலைய ஊழியர் யாரும் நிற்கக் கூடாது என்பதில் உறுதியாக இருப்பார். நாளை அந்தத் தங்கை மகள் வழக்குப் போட்டால் நீதிமன்றத்தில் நம்மைக் காப்பாற்றப்போவது இந்தப் பொறுமைதான்.

மிகையான அச்சம் என்று நினைக்க வேண்டாம். வசதி படைத்த ஒரு மூதாட்டியின் வீட்டுக்குள் குடிவந்து, அவர் சொத்தின் மீது அதிகாரப் பத்திரமும் பெற்ற சுற்றுலா வழிகாட்டி ஒருவர் 2016இல் சிறைத்தண்டனை பெற்றதை எல்லாரும் படித்தோம். முதியவரிடம் கையெழுத்து வாங்கும் எவரையும் இந்த ஊர் இப்போது கூர்ந்து பார்க்கிறது. அப்படித்தான் பார்க்கவும் வேண்டும்.

சம்பளம் பற்றி என் கருத்தில் சமரசம் இல்லை. திரட்டும் தொகையில் விழுக்காடு தருவது மற்ற நிதி திரட்டலிலேயே தவறு. உயில் விஷயத்தில் அது ஆபத்து. ஒரு முதியவரின் மரணத்தோடு ஊழியரின் ஊக்கத்தொகையை முடிச்சுப் போடுவதற்கு வேறு என்ன பெயர்? தேசிய சிறுநீரக அறநிறுவனத்தின் தலைமை நிர்வாகி ஆண்டுக்கு ஏறத்தாழ 6 லட்சம் வெள்ளி பெற்றார் என்பது 2005 ஜூலையில் நீதிமன்றத்தில் வெளிவந்தபோது, ஆயிரக்கணக்கானோர் மாத நன்கொடையை நிறுத்தினார்கள். அது மாத நன்கொடை. நிறுத்தியது நமக்குத் தெரிந்தது. உயிலை மாற்றி எழுதினால் நமக்குத் தெரியவே தெரியாது.

பிறகு காலம். இன்று எழுதப்படும் உயில் பலன் தர பத்து, இருபது ஆண்டுகள் ஆகலாம். பிரிட்டனின் கடல் மீட்புச் சேவையான ஆர்.என்.எல்.ஐ.யின் மீட்புப் படகுகள் பாதிக்கு மேற்பட்ட நேரங்களில் உயில் பணத்தில்தான் கடலுக்குப் போகின்றன. தலைமுறைகள் பழகிச் சேர்ந்த நம்பிக்கை அது. நம் குழுக்களோ பதினெட்டாம் மாதம், “எவ்வளவு வந்தது?” என்று கேட்கின்றன. நிதி திரட்டும் செலவு வரவில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற விதி இருப்பதால், வரவே இல்லாத முதல் ஆண்டுகளில் இந்த ஊழியரின் சம்பளம் கணக்கில் உறுத்தும். மற்ற நிதி திரட்டலின் வரவு அதைத் தாங்குமா என்று பொருளாளர் முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். எத்தனை பேரைச் சந்தித்தார், எத்தனை குடும்பங்களுக்கு விஷயம் தெரியும், பதிவேடு ஒழுங்காக இருக்கிறதா: அவரை மதிப்பிட இவை போதும்.

நம் சமூகத்துக்குக் கொடை புதிதல்ல. சிராங்கூன் சாலை வணிகர் பி. கோவிந்தசாமிப் பிள்ளை கோயிலுக்கும் கல்விக்கும் அள்ளிக் கொடுத்தவர். பெருமாள் கோயில் கல்யாண மண்டபம் அவர் பெயரில்தான் நிற்கிறது. ஆனால் அவருக்கு முந்திய தலைமுறையில், கொடுத்ததைக் காக்கத்தான் ஆள் இல்லாமல் போனது. முஸ்லிம், இந்து அறக்கொடைச் சொத்துகளின் நிர்வாகம் சீர்கெட்டதால் காலனி அரசு 1905இல் சட்டம் கொண்டுவர நேர்ந்தது. இன்றைய இந்து அறக்கட்டளை வாரியத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். விளம்பரம் கொடுக்கும் முன் உங்கள் நிர்வாகக் குழுவில் இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றுங்கள்: இந்தப் பதவிக்கு ஐந்தாண்டுச் சம்பளம் ஒதுக்கப்படும், விழுக்காட்டு ஊக்கத்தொகை எந்த வடிவிலும் கிடையாது. இரண்டுக்கும் குழு சம்மதிக்காவிட்டால் ஆள் எடுப்பதைத் தள்ளிப்போடுங்கள்.