இயந்திரத்தின் உறுதி யார் கையில்?

காலபோக நெல் களத்துக்கு வரும் மாசி, பங்குனி மாதங்களில்தான் ஊருக்குச் சொந்தமான ஒரு நெல் ஆலையின் பெறுமதி தெரியும். 14 வீத ஈரப்பதத்துக்குக் குறைத்த நெல்லையே நெல் சந்தைப்படுத்தல் சபை உலர்ந்த நெல்லாகக் கொள்கிறது. உலர்த்த வழியில்லாதவர் வீதியோரத்தில் பரப்பிக் காயவிடுகிறார். வானம் இருட்டினால், லொறியோடு வாசலுக்கு வரும் வியாபாரி சொன்ன விலைக்கு ஈரநெல்லைக் கொடுத்து விடுகிறார். நகை அடைவில் இருக்கிறது, உரக்கடைக் கடன் நிற்கிறது, வேறென்ன செய்வார்?

இந்த வேளையில் சங்கத்தின் உலர்த்தும் இயந்திரம் நின்று விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரும்பு உடல் நன்றாக இருக்கிறது. மோட்டர் சுற்றுகிறது. விசிறி பழுதில்லை. பழுதானது உள்ளங்கையளவான ஒரு பச்சை அட்டை. விற்ற இடத்தில் கேட்டால், “அந்த அட்டை இப்போது வருவதில்லை, புது இயந்திரம் எடுக்க வேண்டியதுதான்” என்ற பதில் வருகிறது. சில காலத்தில் ஆலைக் கதவில் பூட்டுத் தொங்குகிறது. அதன் பிறகு இயந்திரம் பழைய இரும்பாகப் போகிறது.

ஓர் அட்டைக்காக ஓர் ஆலை மூடப்படத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே என் கருத்து. ஆனால் மூடாமல் காப்பதற்கு, இயந்திரம் நம் கையில் இருந்தால் மட்டும் போதாது. அதைப் பற்றிய அறிவும் நம் கையில் இருக்க வேண்டும்.

அட்டை செய்யும் வேலை

குளத்தில் நீர் எவ்வளவு நிற்கிறது, எந்த வயலுக்கு முறை வந்துவிட்டது என்று பார்த்து வாய்க்காலைத் திறக்கச் சொல்லும் வட்ட விதானையை நாம் அறிவோம். அட்டையின் வேலையும் அதுதான். சூட்டையும் ஈரத்தையும் அளக்கும் உணரிகளிலிருந்து அதற்குச் செய்தி வருகிறது. எழுதி வைக்கப்பட்ட கட்டளைப்படி அது தீர்மானித்து, எந்த மோட்டர் ஓட வேண்டும், எந்த வால்வு மூட வேண்டும் என்று சொல்கிறது. நம் மெக்கானிக்மார் இதனைப் ‘போட்’ என்பர். பெரிய இயந்திரங்களில் இதே வேலையைச் செய்யும் பெட்டியைப் ‘பி.எல்.சி.’ என்பர். அதற்குள் எழுதப்பட்ட கட்டளைத் தொகுதியே நிரல்.

இரும்பின் ஆயுளும் அட்டையின் ஆயுளும் ஒன்றல்ல. நன்றாகப் பேணிய உலர்த்தி முப்பது ஆண்டுகள் உழைக்கும். அட்டையைச் செய்யும் கம்பனியோ அவ்வளவு காலம் அதே மாதிரியைச் செய்துகொண்டிருப்பதில்லை. ஜேர்மனியின் சீமென்ஸ் கம்பனி 1979 இல் ‘எஸ் 5’ என்ற வரிசையை வெளியிட்டது. 1990களின் நடுப்பகுதியில் ‘எஸ் 7’ அதன் இடத்தைப் பிடித்தது. அமெரிக்காவின் அலன் பிராட்லி 1986 இல் வெளியிட்ட ‘பி.எல்.சி. 5’ வரிசை 2017 இல் நிறுத்தப்பட்டது. இவற்றை நம்பி ஓடிய தொழிற்சாலைகள் உலகெங்கும் இதே சிக்கலைச் சந்தித்தன. ஆகவே இது ஏழைகளுக்கு மட்டும் வந்த துன்பமன்று. செல்வந்த நாட்டுத் தொழிற்சாலை அதற்கு முன்கூட்டியே ஆயத்தம் செய்கிறது. நமது சங்கம் இயந்திரம் நின்ற பிறகே அதை அறிகிறது. வேறுபாடு அங்கேதான்.

அட்டை கெடுவதற்கும் காரணங்கள் உண்டு. அதிலுள்ள சிறு உருளைகளான கப்பாசிற்றர்கள் சூட்டில் உள்ளே காய்ந்து போகின்றன. சூடு 10 பாகை செல்சியஸ் கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது தொழிலறிந்தோர் கணக்கு. உமித்தூசி படிந்து சூடு வெளியேற வழியின்றிப் போகிறது. எறும்பும் பல்லியும் பெட்டிக்குள் குடியேறுகின்றன. மின்னலும் மின்பிறப்பாக்கியின் ஏற்ற இறக்கமும் மீதியைச் செய்கின்றன. பெட்டியைத் தூசி புகாமல் மூடி வைப்பதும், போகம் தொடங்குமுன் மின்னைத் துண்டித்து உலர்ந்த தூரிகையால் துப்புரவு செய்வதும் செலவில்லாத வேலைகள். இவற்றைச் செய்தாலே பல அட்டைகள் தப்பும்.

கழற்றுமுன் செய்ய வேண்டியவை

முதலில், பழுது அட்டையில்தானா என்று உறுதிப்படுத்த வேண்டும். பியூஸ், மின் வழங்கும் பகுதி, எலி கடித்த வயர், துருப்பிடித்த இணைப்பு, செயலிழந்த உணரி ஆகிய ஐந்தையும் பார்க்குமுன் அட்டையின் மீது பழி போடக் கூடாது. அட்டைக்கு மின் வழங்கும் சிறு பகுதி கெட்டு, நல்ல அட்டை குப்பைக்குப் போவதும் உண்டு. இதனைத் தொழில் தெரிந்த மின்னியலாளரே செய்ய வேண்டும். பிரதான ஆளியை நிறுத்திப் பூட்டாமல் எவரும் உள்ளே கை வைக்கலாகாது.

இரண்டாவது, எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டும். இன்று அநேகமாக எல்லா வீட்டிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. வயர்களைக் கழற்றுமுன் நாலா பக்கமும் படம் எடுங்கள். ஒவ்வொரு வயருக்கும் இலக்கம் ஒட்டுங்கள். அட்டையிலுள்ள சின்னஞ்சிறு ஆளிகள் மேலே நிற்கின்றனவா, கீழே நிற்கின்றனவா என்று குறியுங்கள். அட்டையின் இலக்கத்தைக் கடைசி எழுத்து வரை எழுதுங்கள். அந்தக் கடைசி எழுத்து மாறினால் அட்டையும் மாறிப்போகலாம்.

மூன்றாவது, நிரலைக் காப்பாற்ற வேண்டும். பழைய பெட்டிகள் பலவற்றில் நிரல் ஒரு சிறு பற்றரியின் உதவியோடுதான் நினைவில் நிற்கிறது. பற்றரி இறந்த நிலையில் மின்சாரமும் நின்றால் நிரல் அழிந்துவிடும். இயந்திரத்துக்கு ஒரு கோளாறும் இல்லாமலே அது வெறும் இரும்பாகிவிடும். ஆகவே இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும் நல்ல காலத்திலேயே நிரலைக் கணினியில் பிரதி எடுத்து இரண்டு இடங்களில் வைக்க வேண்டும். பற்றரியை மாற்றும் முறை மாதிரிக்கு மாதிரி வேறுபடும். கைந்நூலைப் பாராமல் அதனைக் கழற்றக் கூடாது.

மூன்று வழிகள்

அட்டைதான் கெட்டது என்று தெரிந்தால் மூன்று வழிகள் உள்ளன.

ஒன்று, அதே அட்டையைத் திருத்துதல். காய்ந்த கப்பாசிற்றரையோ எரிந்த றிலேயையோ மாற்றுவது தொலைக்காட்சி, வானொலி திருத்தும் நம் இளைஞருக்கு எட்டாத வேலையன்று. செலவும் குறைவு. ஆனால் அட்டையின் பிரதான சில்லு எரிந்திருந்தால் இவ்வழி பயன்படாது.

இரண்டு, அதே இலக்கமுள்ள பழைய அட்டையை வாங்குதல். வெளிநாடுகளில் மூடிய தொழிற்சாலைகளின் அட்டைகளைச் சோதித்து விற்போர் உள்ளனர். நிரலையும் வயர்களையும் மாற்றத் தேவையில்லை என்பது இதன் நன்மை. அதுவும் வயதான அட்டையே என்பது இதன் குறை. விலையை டொலரில் கொடுக்க வேண்டும். 2022 இல் நாட்டில் டொலர் இல்லாமற்போன நாட்களில் உதிரிப்பாகத்துக்காகக் காத்திருந்தவர்கள் அதன் கசப்பை அறிவார்கள்.

மூன்று, பழைய அட்டையை முற்றாக நீக்கி, இன்று சந்தையில் கிடைக்கும் பொதுவான கட்டுப்பாட்டுக் கருவியைப் பொருத்துதல். இதற்கு வயர்ப் படமும் புதிதாக நிரல் எழுதத் தெரிந்த ஒருவரும் வேண்டும். பழைய உணரி 230 வோல்ற்றில் வேலை செய்கிறதா, 24 வோல்ற்றிலா என்று பாராமல் இணைத்தால் புதியதும் எரியும். அவசர நிறுத்தப் பொத்தான் நிரலை நம்பி இருக்கக் கூடாது. அழுத்திய உடனே மின்சாரத்தை நேரே துண்டிக்கும்படி தனி வயரில் அமைய வேண்டும். நெல் போடாமல் வெறுமையாக ஓட்டி, முதலில் அந்தப் பொத்தானையே சோதிக்க வேண்டும். பட்டியில் சிக்கிய கைக்கு நட்டஈடு கிடையாது.

எளிய உலர்த்திக்கு அட்டையே இல்லாமலும் வழி உண்டு. சூட்டை அளந்து தானாக வெட்டும் ஆளி, நேர ஆளி, சில றிலேகள் ஆகியவற்றைக் கொண்டு அதனை ஓட்டலாம். எந்தப் பட்டணத்திலும் இவற்றை வாங்கலாம். ஆனால் அரிசியில் கறுத்த மணியைக் கமராவால் பார்த்துக் காற்றால் ஊதித் தள்ளும் நிறம் பிரிக்கும் இயந்திரத்துக்கு இது பொருந்தாது. கண் இமைக்குமுன் நூற்றுக்கணக்கான மணிகளைப் பார்த்துத் தீர்மானிக்க அதற்கு அதன் அட்டையே வேண்டும். அவ்வாறான இயந்திரத்தை ஏற்குமுன் ஒரு சங்கம் இருமுறை சிந்திப்பது நல்லது. உடல் துருப்பிடித்து உக்கிய இயந்திரத்துக்குப் புது அட்டை வாங்குவதும் வீண் செலவே.

அறிவு யாருக்குச் சொந்தம்?

“விவசாயிக்கு இதெல்லாம் எதற்கு? கம்பனிக்காரர் பார்த்துக்கொள்ளட்டும்” என்று சொல்வோர் உள்ளனர். அவர்கள் 1990களை மறந்துவிட்டார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் எரிபொருளும் பற்றரியும் வடக்குக்கு வரத் தடை இருந்தபோது, துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் எமது மக்கள். ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கேற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். சில துளி பெற்றோலில் இயந்திரத்தைத் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டித் தோட்டத்துக்கு இறைத்தார்கள். அவற்றை அவர்களால் திருத்த முடிந்ததற்குக் காரணம், திறந்தால் உள்ளே இருப்பது தெரிந்தது. இன்றைய அட்டையில் அது தெரிவதில்லை. வயர்ப் படம் தரப்படுவதில்லை. நிரல் கடவுச்சொல்லால் பூட்டப்படுகிறது. நமக்குத் திறமை இல்லாமற் போய்விடவில்லை. அறிவு நம்மிடமிருந்து மறைக்கப்படுகிறது.

இந்தக் குரல் நம்முடையது மட்டுமன்று. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து விவசாயிகள் தங்கள் உழவு இயந்திரங்களைத் தாங்களே திருத்தும் உரிமை கேட்டுப் போராடினர். 2023 இல் அதற்கான சட்டம் நிறைவேறி, 2024 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. திருத்துவதற்கு வேண்டிய கைந்நூல்களையும் கருவிகளையும் உதிரிப்பாகங்களையும் உற்பத்தியாளர் விவசாயிக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். நமக்கு அத்தகைய சட்டம் வரும்வரை, உடன்படிக்கையில் கையொப்பமிடும் நேரத்தில் கேட்டுப் பெறுவதே வழி.

திருச்சபையின் சமூகப் போதனையும் இதையே சொல்கிறது. சிறிய சமூகம் தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு அதன் கையிலிருந்து பறிக்கலாகாது என்று பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் 1931 இலேயே போதித்தார். பாப்பரசர் பிரான்சிஸ் 2015 இல் வெளியிட்ட சுற்றுமடலில் தூக்கியெறியும் பண்பாட்டைக் கண்டித்தார். ஐயாயிரம் பேருக்கு உணவளித்த ஆண்டவர், மிஞ்சிய துண்டுகளையும் சேர்த்து வைக்கும்படி சீடர்களைப் பணித்தார். பன்னிரண்டு கூடை நிறைந்தது. அப்பத்துண்டுக்குக் காட்டிய அக்கறையை, பல குடும்பங்களின் உழைப்பைக் காக்கும் இயந்திரத்துக்கு நாம் காட்டாதிருக்கலாமா?

நாம் கேட்க வேண்டியவை

அரசோ, தொண்டு நிறுவனமோ, மறைமாவட்டமோ இயந்திரம் தந்தால் நன்றி சொல்லுவோம். நன்றி சொல்லும் அதே கூட்டத்தில் பின்வருவனவற்றை எழுத்தில் கேட்போம்.

1. வயர்ப் படமும் உதிரிப்பாகப் பட்டியலும் தமிழ் விளக்கத்தோடு தரப்பட வேண்டும்.

2. நிரலின் பிரதியும் அதன் கடவுச்சொல்லும் சங்கத்திடம் ஒப்படைக்கப்பட வேண்டும்.

3. ஆகக் குறைந்தது ஓர் உதிரி அட்டை இயந்திரத்தோடு வர வேண்டும்.

4. ஊரிலுள்ள ஆணும் பெண்ணுமாக இருவருக்கேனும் திருத்தப் பயிற்சி தரப்பட வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 முதல் இயங்கும் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் போன்றவற்றுக்கு நம் பிள்ளைகளை அனுப்புவதும் இதிற் சேரும்.

திறப்பு விழாவுக்குப் பந்தல் போடும் செலவில் ஓர் உதிரி அட்டை வாங்கலாம் என்பதை உதவுவோரும் எண்ணிப் பார்க்க வேண்டும். திருச்சபை நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல.

அன்புக்குரிய குடும்பங்களே, ஊர்விட்டு ஓடிய நாட்களில் நீங்கள் எதைக் கையில் எடுத்தீர்கள்? சிலர் நீர் இறைக்கும் இயந்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நடந்தீர்கள். பலரால் அதுவும் முடியவில்லை. ஆனால் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தீர்கள். நிலம் கைவிட்டுப் போனாலும் உறுதி இருந்தால் ஒருநாள் கேட்கலாம் என்று நீங்கள் அறிந்திருந்தீர்கள். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்ந்து இன்றும் தம் காணிக்குத் திரும்பாதோர் அந்தப் பையை இன்னும் வைத்திருக்கிறார்கள்.

வயர்ப் படமும் நிரலின் பிரதியும் இயந்திரத்தின் உறுதிகள். உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் தலைவரிடமும் செயலாளரிடமும் கேளுங்கள்: எங்கள் ஆலையின் உறுதி எங்கே இருக்கிறது? பதில் இல்லையென்றால், அடுத்த போகம் தொடங்குமுன் அதைத் தேடி எடுப்பதே சங்கத்தின் முதல் வேலையாகட்டும்.