நீலாம்பரிக்கு ஏன் இந்தத் தண்டனை?

"படையப்பா" நமக்குப் பிடிக்கவில்லை என்றதும், "ரம்யா கிருஷ்ணனின் நடிப்புமா பிடிக்கவில்லை?" என்று பாய்கின்றனர் தோழர்கள். நடிப்புக்கு நாமும் கைதட்டியவர்கள்தாம். 1999 ஏப்ரலில் வெளிவந்த அந்தப் படத்தில், தமிழ்நாடே தலையில் தூக்கிவைத்து ஆடும் நடிகர் ரஜினிகாந்துக்கு எதிரே கால்மேல் கால் போட்டு அமர்ந்து, விழியாலேயே அவரை அளந்து பார்க்கும் அந்தக் காட்சியை எவர் மறப்பர்? கதாநாயகனுக்கு இணையாக வில்லிக்கும் கொட்டகையில் விசில் பறந்தது. அது அக்கலைஞரின் வெற்றி, ஐயமில்லை.

ஆனால், அந்த ஆற்றலைக் கே. எஸ். இரவிக்குமாரின் படம் எதற்குப் பயன்படுத்திற்று? தலைநிமிர்ந்த பெண் தரைமட்டமாவாள் என்று காட்டுவதற்கு!

நீலாம்பரி நல்லவள் என்று வாதாட நாம் வரவில்லை. வீட்டு வேலைக்காரி வசுந்தராவை அவள் படுத்தும் பாடு பச்சைப் பணத்திமிர். அந்தத் திமிரைச் சாடுவதோடு படம் நின்றிருந்தால் வாழ்த்தியிருப்போம். கதாநாயகன் அவளுக்குச் செய்யும் உபதேசமோ வேறு. பெண்ணென்றால் பொறுமை வேண்டுமாம், அடக்கம் வேண்டுமாம், அதிகாரம் கூடாதாம்! பெண்களை மூவகையாகப் பிரித்து, மூன்றுக்கும் வடமொழிப் பெயர் சூட்டி, கைகூப்பத் தக்கவள் இவள், அஞ்சத் தக்கவள் அவள் என்று பட்டியல் வாசிக்கிறார். மனிதரை நான்காகப் பிரித்தான் மநு. மாதரை மூன்றாகப் பிரிக்கிறார் படையப்பா. வேலைக்காரியை வதைத்தவள் என்பதா வழக்கு? பெண்ணாக அடங்கவில்லை என்பதன்றோ வழக்கு!

பேராசைக்கார ஆணும் பெருங்கோபக்காரப் பெண்ணும் வாழ்ந்ததில்லை என்றும் ஒரு தத்துவம் உதிர்க்கிறார். கோபம் ஆணுக்கு மட்டும் குற்றமில்லையா? படம் முழுதும் சினந்து சீறுபவர் அவரேயன்றோ! அவர் சினம் வீரம். அவள் சினம் கேடு. ஒரே சரக்குக்கு இரண்டு தராசு.

விரும்பியவனை அடைய முடியாத பெண் 18 ஆண்டுகள் ஓர் அறைக்குள் தன்னைத்தானே பூட்டிக்கொள்கிறாள். படித்தவள், பணக்காரி, உலகம் கண்டவள். அவளுக்கும் ஆண் ஒருவனை விட்டால் வாழ்வில்லை என்று எழுதிய பேனாவை என்னென்பது? முடிவில் அவன் இட்ட உயிர்ப்பிச்சையை ஏற்க மறுத்துத் தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறாள். அடுத்த பிறவியில் பழிவாங்குவதாகச் சூளுரைத்துச் சாகிறாள். கணக்குத் தீர்க்க மறுபிறவிக்கல்லவா அனுப்பிவைத்தார்கள்!

செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு கேட்டது 1929இல். அது தமிழ்நாட்டில் சட்டமானது 1989இல். சட்டம் வந்து பத்தாண்டு கழித்து வெள்ளித்திரையில் இந்தப் பாடம்! கொண்டப்பநாயக்கன்பட்டிக்காரர்களான நமக்கு இது கூடுதலாக உறுத்துகிறது. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்சின் வளைவு இன்னும் நிற்கிறதே, அந்த நிறுவனம் 1950இல் தந்ததுதான் கலைஞர் உரையாடல் தீட்டிய "மந்திரி குமாரி". மலையுச்சியில் தன்னைத் தள்ளிக் கொல்ல வந்த கணவனைத் தானே தள்ளிவிடுகிறாள் அமுதவல்லி. குண்டலகேசியின் கதையை எடுத்துத் தந்த துணிவு அது. 49 ஆண்டுகளில் தமிழ்ப்படம் முன்னேறிற்றா, பின்வாங்கிற்றா?

"படம்தானே, விடுங்கள்" என்பார்க்கு ஒரு சொல். நாம் பாடம் நடத்தும் வகுப்பில், மதிப்பெண் கூட்டலில் பிழை கண்டு எழுந்து கேட்டாள் ஒரு மாணவி. கேட்டது நியாயம், கூட்டலும் பிழைதான். பின்வரிசையிலிருந்து "நீலாம்பரி" என்றது ஒரு குரல். வகுப்பே சிரித்தது. படம் வெளிவந்தபோது பிறந்தேயிராத பிள்ளைகள் அவர்கள்! சென்ற வாரம் அதே வரிசையில் மேசையைத் தட்டிக் கத்திய பையனுக்கு அவர்கள் வைத்த பெயர் "படையப்பா". அவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். அவள் விடைத்தாளை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.